அந்தப் பக்கத்தில் ஒரு வீடு

லிஃப்ட்டக்காவை இந்தப் பெரிய நகரத்துக்கு மாற்றிய லிஃப்ட் கம்பெனி அவளுக்கு ஒரு கட்டிலையும் முப்பது நாளையும் கொடுத்தது. கட்டில், கம்பெனி விடுதியில் இன்னும் மூன்று பெண்களோடு பங்கு போட்டுக்கொள்ளும் அறையில் இருந்தது. முப்பது நாள் முடிந்ததும் அதைக் காலி செய்துவிட வேண்டும். "அதுக்குள்ள ஒரு வீடு பாத்துக்குங்க" என்றார் சூப்பர்வைசர், கடைக்குப் போய் ஒரு நெருப்புப்பெட்டி வாங்கி வரச் சொல்கிற மாதிரி. நெருப்புப்பெட்டிக்கு யாரும் பத்து மாத முன்பணம் கேட்பதில்லை.

பத்தொன்பது வயதில் ஒரு ஜவுளிக்கடை லிஃப்ட்டுக்குள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து "எந்த மாடி?" என்று கேட்கிற வேலையில் சேர்ந்தவள் அவள். அப்போதே எல்லோருக்கும் லிஃப்ட்டக்கா ஆகிவிட்டாள். லிஃப்ட் நின்றுபோனால் மெக்கானிக் வந்துசேர அரை நாள் ஆகும். அந்த அரை நாளும் வாடிக்கையாளர்களிடம் ஏச்சு வாங்குவது இவள்தான். ஏச்சு வாங்கிச் சலித்துப்போய், மெக்கானிக் எந்தப் பெட்டியைத் திறக்கிறார், எந்த ஒயரைத் தொடுகிறார் என்று பக்கத்திலேயே நின்று பார்த்துக் கற்றுக்கொண்டாள். பிறகு மாலை வகுப்பில் படித்துச் சான்றிதழும் வாங்கினாள். இப்போது முப்பத்தேழு வயது. ஏதாவது ஒரு கட்டடத்தின் உச்சியில் கிரீஸும் கையுமாக நிற்கும்போது, "மெக்கானிக் வரலியாம்மா?" என்று கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். "அவரு வரல, நான்தான் வந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பாள்.

கட்டியவன் வேறொருத்தியோடு குடித்தனம் போய் ஏழு வருடம் ஆகிறது. அவனைப் பற்றி அவள் பேசுவதில்லை. நாமும் பேச வேண்டாம், அந்த ஆளுக்கு அவ்வளவு இடம் கொடுக்கத் தேவையில்லை. பதினோரு வயது மகள் ஒருத்தி இருக்கிறாள். வீட்டில் அவளைக் குட்டி என்று கூப்பிடுவார்கள். வீடு கிடைக்கும்வரை குட்டி மாமன் வீட்டில் இருக்கட்டும் என்று அண்ணனிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். அங்கேதான் சிக்கல்.

"நல்ல இடமா, பத்திரமான இடமா பாரு" என்று அண்ணன் போனில் சொன்னார். "நானே வந்து பாப்பேன். என் மனசுக்குப் பட்டாத்தான் பிள்ளைய விடுவேன். இல்லேன்னா அவ இங்கயே படிக்கட்டும், நீ மாசம் ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போ."

"அவ என் பொண்ணுண்ணா."

"என் பொண்ணில்லன்னு யாரு சொன்னா? உங்க அண்ணி அவளுக்குத் தனி அலமாரியே ஒதுக்கிட்டா."

அந்த அலமாரிதான் லிஃப்ட்டக்காவைப் பயமுறுத்தியது. அண்ணன் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போட்டுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம். அன்பாக ஒரு வருடம் வைத்துக்கொள்வார், அந்த ஒரு வருடம் ஐந்து வருடம் ஆகும், பிறகு விடுமுறைக்கு வந்துபோகும் சொந்தக்காரி மாதிரித் தன் மகளைத் தானே பார்த்துவிட்டு வர வேண்டியிருக்கும். பள்ளிக்கூடம் திறக்க ஐந்து வாரம் இருந்தது. வீடு கிடைத்தாக வேண்டும், அதுவும் அண்ணன் வாயை அடைக்கிற மாதிரி வீடு.

ஒரு புரோக்கரைப் பிடித்தாள். அவர் வாயில் எப்போதும் "சேஃப்டி" என்ற ஒரு வார்த்தை ஓடிக்கொண்டிருந்தது. "சேஃப்டி ஏரியா மேடம்" என்றால் அவள் சம்பளத்தில் பாதி வாடகை. "ஃபுல் சேஃப்டி மேடம்" என்றால் முழுச் சம்பளம். அவளுக்குக் கட்டுப்படியாகிற இடத்துக்கு வந்தால் அவர் அந்த வார்த்தையை விட்டுவிட்டு, "அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் மேடம்" என்பார்.

அட்ஜஸ்ட் பண்ண வேண்டியவை இவை: ஒரு ஹாலைப் பிளைவுட்டால் இரண்டாக வெட்டி, அந்தப் பக்கத்து ஆள் தும்மினால் இந்தப் பக்கத்தில் விளக்கு ஆடுகிற அறை. பால்கனியில் அடுப்பு, அடுப்புக்கு மேலே துணி காயப்போடும் கொடி. மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே கதவுக்குத் தாழ்ப்பாளே இல்லாத ஒரு குடில். "தாழ்ப்பா எங்கங்க?" என்று கேட்டதற்கு, "மேல யாரு மேடம் வரப்போறாங்க?" என்றார் புரோக்கர். "அத வர்றவன்கிட்டதான் கேக்கணும்" என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

வீடு பிடித்த இடங்களில் வீட்டுக்காரர்களுக்கு இவளைப் பிடிக்கவில்லை. ஆண்துணை இல்லாத வீட்டுக்குக் கொடுப்பதில்லை என்று ஒருவர் சொன்னார். வேலை நேரம் சரியில்லை என்றார் இன்னொருவர். மூன்றாமவர் நல்ல மனிதர் போலத் தேநீர் எல்லாம் கொடுத்துவிட்டு, "நீங்க வேலைக்குப் போன நேரத்துல பொண்ணுக்கு ஏதாவது ஆச்சுன்னா எங்க பேரு கெட்டுடும்மா" என்றார்.

லிஃப்ட்டக்கா கோப்பையைக் கீழே வைத்தாள். "ஏதாவது ஆச்சுன்னா ஆகறது என் பொண்ணுக்குங்க. உங்க பேருக்கு ஒரு கீறலும் விழாது, பயப்படாதீங்க."

புரோக்கர் வழியெல்லாம் கையைப் பிசைந்துகொண்டே வந்தார்.

பதினான்காம் நாள் பதினாறு மாடிக் குடியிருப்பு ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. நகரத்திலேயே பத்திரமான இடம் என்று புரோக்கர் காட்டி, வாடகையைக் கேட்டதும் அவள் திரும்பி நடந்த அதே வளாகம். வாசலில் இரண்டு காவலாளிகள், சுவரெல்லாம் கேமரா. அவளைப் பதிவேட்டில் எழுத வைத்து, கருவிப் பையைக் கவிழ்த்துக் காட்டச் சொல்லி, ஸ்பேனர்களை எண்ணிப் பார்த்து உள்ளே விட ஒன்பது நிமிடம் ஆனது. உள்ளே ஒன்பதாம் மாடிக்கும் பத்தாம் மாடிக்கும் நடுவில் ஒரு பெண் ஐம்பது நிமிடமாக மாட்டிக்கொண்டு நிற்கிறாள்.

மெஷின் ரூமுக்கு ஏறி, பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையால் சுற்றி லிஃப்ட்டை ஒன்பதாம் மாடிக்கு இறக்கினாள். கதவைத் திறந்தபோது அந்தப் பெண் தரையில் உட்கார்ந்திருந்தாள். முகம் வெளிறிப்போயிருந்தது.

"மணி அடிச்சேன், அடிச்சேன், அடிச்சுக்கிட்டே இருந்தேன். யாருமே வரல."

"எத்தன வருஷமா இங்க இருக்கீங்கம்மா?"

"எட்டு வருஷமா."

கீழே வந்து காவலாளியிடம் கேட்டாள். மணிச் சத்தம் கேட்டதாம். சின்னப் பிள்ளைகள் அழுத்தி விளையாடும், தானாக நின்றுவிடும் என்று இருந்துவிட்டாராம். பன்னிரண்டாம் மாடியிலிருந்து ஒருவர் போன் பண்ணிய பிறகுதான் கம்பெனிக்கே சொல்லியிருக்கிறார். அந்த ஒருவரும் உதவிக்குக் கூப்பிடவில்லை. மதியத் தூக்கம் கெடுகிறது, அந்தச் சத்தத்தை நிறுத்துங்கள் என்று சொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறார். லிஃப்ட்டுக்குள் இருந்த கேமரா மட்டும் கடமை தவறாமல், அந்தப் பெண் அழுததை ஐம்பது நிமிடமும் படம் பிடித்து வைத்திருந்தது.

லிஃப்ட்டக்காவுக்கு அன்று முழுக்க ஆத்திரம் அடங்கவில்லை. இந்த இடத்துக்கா நாம் ஆசைப்பட்டோம் என்று தன்மேலேயே கோபம் வந்தது. அண்ணன் இந்த வாசலையும் கேமராவையும் பார்த்திருந்தால் அடுத்த நிமிடமே தலையாட்டியிருப்பார். குட்டி உள்ளே மாட்டிக்கொண்டால் யார் வருவார்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

மாதாந்தரப் பராமரிப்பில் கடைசி வேலை அலாரம் மணியை அழுத்திப் பார்ப்பது. அடித்தால் படிவத்தில் ஒரு டிக். எத்தனையோ ஆயிரம் டிக் போட்டிருக்கிறாள். மணி அடிக்கிறதா என்று மட்டும் பார்த்திருக்கிறோமே, யாராவது வருகிறார்களா என்று ஒரு நாளும் பார்த்ததில்லையே என்று அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் முதல் வீடு பார்க்கப் போன இடத்தில் எல்லாம் அவள் படுக்கையறையைப் பார்க்கவில்லை, குழாயைத் திறக்கவில்லை. நேரே லிஃப்ட்டுக்குள் போய் மணியை அழுத்திவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றாள். புரோக்கருக்கு வியர்த்துவிட்டது. முதல் கட்டடத்தில் ஆறு நிமிடம் ஆகியும் ஆள் வரவில்லை. ஒரு கதவு விரல்கடை அளவு திறந்தது, ஒரு கண் தெரிந்தது, கதவு மூடிக்கொண்டது. இரண்டாவது கட்டடத்தில் நாலாம் நிமிடம் ஒருவர் வந்தார். சத்தம் போடக் கூடாது என்று போர்டு தொங்குவது கண்ணில் படவில்லையா என்று கேட்டுவிட்டுப் போனார்.

"நீங்க வீடு பாக்கறீங்களா, வம்பு பாக்கறீங்களா மேடம்?" என்றார் புரோக்கர்.

"ரெண்டும்தான்."

அத்தோடு அவர் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். நாள் இருபது ஆகிவிட்டிருந்தது.

இந்த நகரத்தில் ஒரு ரயில் பாலம் உண்டு. வந்த நாளிலிருந்து அதைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் அவள் காதில் விழுந்தது: "அந்தப் பக்கம் போயிடாதீங்க." சூப்பர்வைசர் சொன்னார், விடுதியில் கூடத் தங்கியிருந்த பெண்கள் சொன்னார்கள், புரோக்கரின் வரைபடமே பாலத்தோடு முடிந்தது. ஏன் என்று கேட்டால், "அது அந்தப் பக்கம்" என்பார்கள், அதற்குமேல் என்ன விளக்கம் வேண்டும் என்பது போல.

அந்தப் பக்கத்திலும் கம்பெனிக்கு ஒரு கட்டடம் இருந்தது. அதற்குப் பராமரிப்புக்குப் போக ஆள் கிடைக்காமல் மூன்று மாதமாகப் படிவம் சூப்பர்வைசர் மேஜையில் கிடந்தது. "ரெண்டு பேரா சேந்து போங்கப்பா" என்று கெஞ்சிப் பார்த்தார். இரண்டு பேராகச் சேரவும் ஆள் இல்லை.

"குடுங்க, நான் போறேன்" என்றாள் லிஃப்ட்டக்கா.

பாலத்தைத் தாண்டினால் கடைத்தெரு. அதன் நடுவில் சுண்ணாம்பு உதிர்ந்த நாலு மாடிக் கட்டடம். கீழே சலூன். மூன்று பேர் நெருக்கி நிற்கக்கூடிய, மடக்குக் கதவு போட்ட கிழட்டு லிஃப்ட். அவள் உள்ளே நுழைகிற நேரம் அண்ணனிடமிருந்து போன். "நாள் ஓடுதே, அமைஞ்சுதா?" என்றார். பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். "பாத்துக்கிட்டே இரு, நான் இங்கயே ஸ்கூல்ல கேட்டு வச்சிருக்கேன்" என்றார். அந்த எரிச்சலில், மெக்கானிக் ஆனதிலிருந்து மறக்காத ஒன்றை மறந்தாள். "வேலை நடக்கிறது" என்ற பலகையை வாசலில் மாட்டவில்லை.

கயிறு பார்த்தாள், எண்ணெய் போட்டாள், இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் லிஃப்ட்டை நிறுத்தி மணியை அழுத்தினாள்.

படிக்கட்டு அதிர்ந்தது. கீழிருந்து ஒரு செருப்புச் சத்தம், மேலிருந்து வெறுங்கால் சத்தம்.

"யாரு உள்ள? பயப்படாதீங்க! கைய வெளிய நீட்டாதீங்க, அப்படியே நில்லுங்க!"

கீழே கம்பிக் கதவு வழியாகச் சலூன்காரர் அண்ணாந்து பார்த்தார். கையில் சீப்பு. மேலே தலைவிரிகோலமாக ஒரு பெண் குப்புறப் படுத்து இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தாள். "தண்ணி வேணுமா? மூச்சு விட முடியுதா? நான் நர்ஸுதான், பயப்படாதீங்க!"

லிஃப்ட்டக்கா கடிகாரத்தைப் பார்த்தாள். முப்பத்தைந்து விநாடி.

"ஒண்ணுமில்லைங்க, நான் மெக்கானிக். சும்மா சோதனைக்கு அழுத்தினேன்" என்றாள்.

பிறகு அவள் வாங்கிய திட்டு இருக்கிறதே, ஜவுளிக்கடை ஸ்டூலில் உட்கார்ந்திருந்த காலத்தில்கூட அப்படி வாங்கியதில்லை. "போர்டு மாட்ட மாட்டீங்களா?" என்றார் சலூன்காரர். "ஒருத்தருக்குக் காதோரம் கத்தி வச்ச நேரத்துல போட்டுட்டு ஓடியாறேன்!" நர்ஸம்மா இரவு வேலை முடித்து அப்போதுதான் கண்ணை மூடினாளாம். "வெளையாட்டா உங்களுக்கு? என் நெஞ்சு இன்னும் அடிச்சிக்குது, தொட்டுப் பாருங்க!"

இருபது நாளாக மரியாதையாகப் பேசிக் கதவைச் சாத்தியவர்களையே பார்த்துவந்த லிஃப்ட்டக்காவுக்கு இந்தத் திட்டு தேனாக இருந்தது. கண் கலங்கிவிட்டது. அழுகையை மறைக்கக் கொஞ்சம் சிரித்தாள், அதற்கும் திட்டு விழுந்தது.

"இங்க வீடு ஏதாவது காலியா இருக்கா?" என்று கேட்டாள்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அந்தப் பக்கத்துலேருந்தா வர்றீங்க?" என்றாள் நர்ஸம்மா, கொஞ்சம் பரிதாபமாக. "அங்க காலுல போட்டிருக்கற செருப்பப் பாத்துதான் பேசவே ஆரம்பிப்பாங்களாமே?"

லிஃப்ட்டக்காவுக்குச் சிரிப்பு வந்தது. பாலம் ஒன்றுதான். யார் எங்கே நின்றாலும் எதிரே இருப்பது அந்தப் பக்கம்.

மூன்றாம் மாடியில் தெருவைப் பார்த்த வீடு ஐந்து மாதமாகக் காலி. இரண்டு அறை, தனிச் சமையலறை, கதவுக்குத் தாழ்ப்பாள் இரண்டு. ஒரு சுவரில் ஈரம் இறங்கியிருந்தது. வாடகை, பாலத்துக்கு இந்தப் பக்கம் பிளைவுட் அறைக்குக் கேட்டதைவிடக் குறைவு. ஆனாலும் அவள் உடனே தலையாட்டிவிடவில்லை. முப்பத்தைந்து விநாடியில் மயங்கிப்போகிற ஆள் இல்லை அவள். மூன்று நாள், காலையில் ஒரு தடவை, பள்ளி விடும் நேரத்தில் ஒரு தடவை, விளக்குப் போடுகிற நேரத்தில் ஒரு தடவை என்று அந்தத் தெருக்களில் நடந்தாள். பேருந்து நிறுத்தத்தில் எத்தனை பெண்கள் தனியாக நிற்கிறார்கள், எந்தக் கடை எத்தனை மணிவரை திறந்திருக்கிறது, எங்கே விளக்கு எரியவில்லை என்று பார்த்தாள். கண்ணில் பட்ட பெண்களிடம், "இங்க பத்திரமா?" என்று கேட்கவில்லை. "எந்த வழியில போகக் கூடாது?" என்று கேட்டாள்.

"பாலத்துக்குக் கீழ ஒரு சந்து இருக்கு, இருட்டினப்புறம் வேணாம். குடிச்சிட்டு உக்காந்திருப்பானுங்க" என்றாள் ஒருத்தி. "மேல கடைத்தெரு வழியாவே வாங்க, நாலு நிமிஷம் கூட ஆகும், ஆனா நிம்மதி." பேருந்து நிறுத்தத்தில் போனைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம் என்றாள் நர்ஸம்மா. "என் போனே போன மாசம் போச்சு" என்று பூசி மெழுகாமல் சொன்னாள். பாலத்துக்கு இந்தப் பக்கம் யாரும் இப்படிச் சொல்லவில்லை. இந்தப் பக்கம் எல்லாம் சேஃப்டி, அந்தப் பக்கம் எல்லாம் ஆபத்து, அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரியும். அந்தப் பக்கத்தில்தான் சந்து வாரியாக, மணி வாரியாகச் சொன்னார்கள்.

இருபத்துநான்காம் நாள் முன்பணம் கொடுத்துச் சாவியை வாங்கினாள்.

ஆபீஸில் செய்தி பரவிவிட்டது. சூப்பர்வைசர் தனியாகக் கூப்பிட்டார். "பொம்பளப் பிள்ளைய வச்சிக்கிட்டு அந்தப் பக்கமா? யோசிச்சீங்களா?"

"நீங்க போயிருக்கீங்களா சார்?"

"நான் எதுக்குப் போறேன்? கேள்விப்பட்டிருக்கேன்."

"நானும் இருபது நாளாக் கேள்விதான் பட்டேன் சார். இப்பப் போய்ப் பாத்துட்டும் வந்துட்டேன்."

சூப்பர்வைசரோடு பேச்சு அத்தோடு முடிந்தது. அண்ணன் விஷயம் அப்படி இல்லை. போனில் தெருப் பெயரைச் சொன்னதும் அவர் தன் சிநேகிதர்கள் நாலு பேரிடம் விசாரித்துவிட்டார். நாலு பேரும் இந்தப் பக்கத்து ஆட்கள். "கிணத்துல குதின்னு பிள்ளையத் தள்ளற மாதிரி இருக்கு. ஞாயித்துக்கிழம நான் வர்றேன். அவளையும் கூட்டிட்டு வர்றேன், அவளே பாக்கட்டும். பாத்துட்டுத் திரும்பக் கூட்டிட்டு வந்துடுவேன், இப்பவே சொல்லிட்டேன்" என்றார்.

லிஃப்ட்டக்காவுக்குப் பயமாகத்தான் இருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்? சுவரில் ஈரத்தைச் சுரண்டிச் சாந்து பூசி வெள்ளையடித்தாள். ஜன்னலுக்குத் திரை தைத்தாள். மகள் படுக்கப்போகும் இடத்தில் தான் படுத்துப் பார்த்து, தெரு விளக்கு கண்ணில் அடிக்கிறதா என்று பார்த்தாள். சலூன்காரரிடமும் நர்ஸம்மாவிடமும், "ஞாயித்துக்கிழம எங்க அண்ணன் என் பொண்ணக் கூட்டிட்டு வர்றாரு" என்று சொல்லி, குட்டியின் போட்டோவையும் காட்டி, தன் போன் நம்பரையும் கொடுத்துவைத்தாள். அண்ணன் போட்டோவைக் காட்ட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

அண்ணன் வெள்ளிக்கிழமையே வந்துவிட்டார். சொல்லாமல் போனால்தான் நிஜம் தெரியும் என்பது அவர் கணக்கு.

அந்த நேரத்தில் லிஃப்ட்டக்கா பாலத்துக்கு இந்தப் பக்கம், சிக்னல் கிடைக்காத ஒரு மெஷின் ரூமில் இருந்தாள். இறங்கி வந்து பார்த்தால் போனில் ஒன்பது தவறிய அழைப்புகள், எல்லாம் நர்ஸம்மாவிடமிருந்து. கூப்பிட்டாள்.

"உங்க பொண்ண ஒரு ஆளு இழுத்துக்கிட்டுப் போகப் பாத்தான். பயப்படாதீங்க, பிள்ள என்கூட இருக்கு. ஆள விடல."

லிஃப்ட்டக்கா போனைக் காதில் வைத்தபடியே வாசலுக்கு ஓடினாள்.

"யாருன்னு கேட்டா மாமாங்கறான். பிள்ளையும் மாமாங்குது. ஊருல உள்ள ஆம்பள எல்லாருமே பிள்ளைங்களுக்கு மாமாதான். கடைக்காரன் மாமா, போலீஸ்காரன் மாமா. எந்த மாமான்னு நாங்க எப்படிக் கண்டோம்?"

"மூக்குக்குப் பக்கத்துல மச்சம் இருக்கா?"

"இருக்கு."

"அது எங்க அண்ணன்தாங்க! கூடப் பொறந்தவரு. விட்டுடுங்க."

"அத நீங்க நேர்ல வந்து பாத்துச் சொல்லுங்க. போன்ல முகமா தெரியுது?" என்று நர்ஸம்மா வைத்துவிட்டாள்.

நடந்தது இதுதான். டாக்ஸிக்காரர் பாலத்துக்கு இந்தப் பக்கமே இறக்கிவிட்டுவிட்டார். அண்ணன் பெட்டியைச் சுமந்துகொண்டு, நான் சொன்னது சரியாகப் போயிற்று என்ற திருப்தியோடு வந்திருக்கிறார். மாடிக்கு ஏறிப் பார்த்தால் வீடு பூட்டிக் கிடந்தது. "பாத்தாச்சு, வா, அடுத்த ரயிலுக்கே திரும்பிடலாம்" என்று குட்டியின் கையைப் பிடித்து இழுத்திருக்கிறார். அம்மாவைப் பார்க்காமல் வரமாட்டேன் என்று அவள் படிக்கட்டுக் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அலறியிருக்கிறாள். அழுகிற பெண்பிள்ளையை ஒரு ஆள் தரதரவென்று இழுத்துக்கொண்டு இறங்குகிறான் என்றால் அந்தக் கட்டடம் சும்மா இருக்குமா? மேலிருந்து நர்ஸம்மா, கீழிருந்து சலூன்காரர்.

லிஃப்ட்டக்கா கடைத்தெரு வழியாக ஓடி வந்தபோது சலூன் வாசலில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். உள்ளே நாற்காலியில் அண்ணன். கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி இறுக்கிக் கட்டியிருந்தது. இடது கன்னம் மழமழவென்று இருந்தது, வலது கன்னத்தில் சோப்பு நுரை காய்ந்து ஒட்டியிருந்தது. அவரை உட்கார வைத்து, "எப்படியும் அம்மா வர்ற வரைக்கும் சும்மாதானே இருக்கப்போறீங்க" என்று சலூன்காரர் ஷேவ் பண்ண ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, முக்கால் மணி நேரமாகக் கத்தியைத் தீட்டிக்கொண்டே இருக்கிறாராம். பாதி முகத்தோடு ஒரு மனிதர் எங்கே ஓடிவிட முடியும்?

குட்டி ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"இவருதானா மேடம்?" என்றார் சலூன்காரர்.

"இவருதான். எங்க அண்ணன்."

"அண்ணன்னா? கூடப் பொறந்தவரா, இல்ல..."

"கூடப் பொறந்தவருதாங்க!"

அண்ணன் துணியைப் பிய்த்துக்கொண்டு எழுந்தார். முகம் சிவந்திருந்தது. "திருடன் மாதிரி உக்கார வச்சிட்டாங்க என்ன! என் பேரென்ன, ஊரென்ன, பிள்ளைக்கு என்ன வயசு, எந்த கிளாசு, கேள்வி மேல கேள்வி! இந்த மாதிரி இடத்துல பிள்ளைய விட்டுட்டுப் போகணுமா நான்?"

லிஃப்ட்டக்கா மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். ஓடி வந்த களைப்பு, பயந்த பயம், இத்தனை நாள் அலைச்சல் எல்லாம் சேர்ந்து வார்த்தையாக வந்தது.

"எந்த மாதிரி இடம்ணா? அவ அழுதா, உடனே ஆளு வந்தாங்க. இந்த ஊருல எட்டு கேமரா இருக்கற இடத்துல ஒரு பொம்பள ஐம்பது நிமிஷம் அழுதா, ஒரு ஈ காக்கா வரல. நான் கண்ணால பாத்தேன். இங்க ஆபத்தே இல்லன்னு நான் சொல்ல மாட்டேன். கீழ்ச் சந்துல குடிக்கறான், பஸ் ஸ்டாப்புல போன் திருடறான். எல்லாம் எனக்குத் தெரியும், அவளுக்கும் சொல்லிக் குடுப்பேன்."

"நான் இன்னும் சரின்னு சொல்லல" என்றார் அண்ணன்.

"நீ சொல்லணும்னு நான் காத்துக்கிட்டு இருக்கலண்ணா." அவள் நிறுத்தவில்லை. "இத்தன நாளா உன் வாய அடைக்கற மாதிரி வீடு தேடினேன். அதுதான் நான் பண்ண தப்பு. வீடு பாத்தது நான், முன்பணம் குடுத்தது நான், பெத்தது நான். நீ மாமா. எப்ப வேணா வா, எத்தன நாள் வேணா இரு. ஆனா கையப் பிடிச்சி இழுத்துட்டுப் போறதுக்கு இனிமே வராத. குட்டி, சாவிய வாங்கிக்கிட்டு மேல போ, மூணாவது மாடி."

குட்டி மாமனைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். சாவியை வாங்கிக்கொண்டு ஏறினாள். நர்ஸம்மா அவள் பின்னாலேயே போனாள்.

வாசலில் நின்றவர்களில் ஒருவர் இருமினார். அண்ணன் படிக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். மேலே பூட்டுத் திறக்கும் சத்தமும், "அம்மா, ஜன்னல்லேருந்து ரயில் தெரியுது!" என்ற கத்தலும் தெருவரைக்கும் கேட்டன. தன் பாதி முகத்தைக் கண்ணாடியில் பார்த்தார். பிறகு மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நான் ஊருக்குப் போனப்புறம்," என்றார் சலூன்காரரிடம், சத்தம் இறங்கியிருந்தது, "வேற எவனாவது மாமான்னு சொல்லிக்கிட்டு வந்தா?"

சலூன்காரர் துணியை உதறி மறுபடியும் கட்டினார்.

"இதே நாற்காலிதாங்க."

அண்ணன் மறு கன்னத்தைக் காட்டினார்.